ஒரு வேட்டு மருந்து

பாரிவாக்கத்திலிருந்து ஆவடிப் பக்கம் போனால் பருத்திப்பட்டு ஏரி. கொக்கும் நீர்க்காகமும் இப்போது பயமில்லாமல் நிற்கின்றன. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருமுன், இதுபோன்ற ஏரிக்கரைகளில் நரிக்குறவர்கள் நாட்டுத் துப்பாக்கியோடு பதுங்கிக் கிடந்ததுண்டு.

ஆவடியில் பாசிமணி கோத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், அந்தத் துப்பாக்கியை எப்படிக் கெட்டிப்பார்கள் என்று கேட்டேன். துப்பாக்கி அவர் அப்பாவின் உரிமத்தோடு போய்விட்டது. ஊசியை வைத்துவிட்டு இடது உள்ளங்கையைக் குழித்துக் காட்டினார். "இவ்வளவுதான் மருந்து. கூடினா தோளை ஒடிக்கும், குறைஞ்சா கொக்கு சிரிக்கும்."

குழல்வாய் வழியே கருமருந்து, அதன்மேல் நார் அடைப்பு, குச்சியால் இடி. பிறகு ரவை. உப்புமா ரவை இல்லை, ஈயக்குண்டுக்கும் அதே பெயர்தான். அது உருளாமலிருக்க இன்னோர் அடைப்பு. கடைசியில், மருந்தைப் பற்றவைக்கும் கேப். இந்தக் கேப் வந்த கதை வேடிக்கை. சிக்கிமுக்கிக் கல்லின் பளிச்சில் பறவைகள் உஷாராகிவிடுகின்றனவே என்று நொந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், தட்டினால் தீப்பற்றும் மருந்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்து 1807-இல் காப்புரிமை வாங்கினார். கேப் அதன் வாரிசு.

அந்தக் காலக் கேப் கைத்துப்பாக்கிகளுக்கு இன்றும் உலகப் போட்டி உண்டு. பெயர் குகென்ராய்ட்டர். 25 மீட்டர் தூரம், அரை மணி நேரம், 13 வேட்டு; அதில் சிறந்த 10 மட்டும் கணக்கு. ஒவ்வொரு வேட்டுக்கும் மருந்தை முன்கூட்டியே அளந்து சின்னக் குப்பிகளில் அடைத்து வருவார்கள். என்னைக் கேட்டால், ஒற்றைக் கையை நீட்டிக் குறிபார்ப்பதைவிடக் கெட்டிப்பதுதான் கடினமான பாதி. கருமருந்து எரிந்தால் பாதிக்குமேல் கசடாகிப் புகையாகவும் கரியாகவும் மிஞ்சும். குழலைத் துடைக்காவிட்டால் ஐந்தாம் வேட்டு முதல் வேட்டைப் போல இருக்காது. இங்கே வல்லமை என்பது மாறாமை.

பெரியவரின் கையளவும் குப்பியளவும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். சிதறிப் பாயும் ரவைக்கு அந்த நுணுக்கம் தேவையுமில்லை. ஆனால் மறுபடி கெட்டிப்பதற்குள் ஏரியே காலியாகிவிடும். அதனால் அவருடைய கவனமெல்லாம் முழங்கால் சேற்றில் ஓசையில்லாமல் கிட்டே போவதில் இருந்தது.

"மருந்து கெட்டித்தது போதும்னு எப்படித் தெரியும்?" என்றேன். பாசிமணி டப்பாவின் மூடியை ஊசியால் தட்டினார். டொப், டொப், டங்.

"குச்சி தானா எகிறும்," என்றார்.