பாட்டனுக்கும் ஒரு குழாய்!

நடுவர் அவர்களே! எத்தனால் கலந்தா கரும்பு விவசாயிக்குக் காசு, கச்சா எண்ணெய் இறக்குமதியும் குறையும்னு எதிரணி அம்மா சொன்னாங்க. ஒத்துக்கறேன்.

ஆனா, என் ஸ்கூட்டருக்கு வயசு 25! 20 சதவீதம் எத்தனாலைத் தாங்கும் பாகங்களோடு புது வண்டிகள் வரணும்னு விதி வந்ததே 2023 ஏப்ரலில்தான். 2025-ல் பங்க் முழுக்க அந்தப் பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாயை உப்ப வைக்கும். லிட்டருக்குச் சக்தியும் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜ் இறங்குது, விலை இறங்குச்சா? (கைதட்டல்)

மெக்கானிக் சொன்னார், குழாயை மாத்தினேன். செலவு என்னோடது!

எத்தனால் வேண்டாம்னு சொல்லலை. பழைய வண்டிக்கும் பங்கில் ஒரு குழாய் ஒதுக்குங்க. கல்யாண வீட்டில் சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரையில்லாக் காபி கொடுக்கிறோமே, அந்தக் கருணை போதும்!