சரக்கு இல்லாத கடை



2014-ல் எஸ்டோனியா 'இ-ரெசிடென்சி' அட்டையைக் கொண்டு வந்தது. அது கையில் இருந்தால் இங்கிருந்தே அங்கே கம்பெனி பதிவு செய்யலாம். "சரக்கே வாங்க வேணாம் அண்ணா, ஆர்டர் வந்தா சப்ளையரே நேரா அனுப்பிடுவான்" என்று டிராப்ஷிப்பிங்கில் இறங்கத் துடிக்கிறீர்கள். நல்லது. ஆனால் அந்த அட்டை விசாவும் அல்ல, வரிவிலக்கும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரை இருந்த இறக்குமதி வாட் விலக்கு 2021 ஜூலை 1-ல் போய்விட்டது. ஆன்லைனில் வாங்கியவர் பெரும்பாலான பொருள்களை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். அப்போது பணத்தைத் தர வேண்டியவர் சப்ளையர் அல்ல, விற்ற நீங்கள்தான்! ஆகவே கடை திறக்குமுன், திரும்பும் சரக்குக்கு ஒரு விலாசமும் திருப்பித் தர ஒரு கையிருப்பும் தேடி வையுங்கள்.