இலை மூடிய காட்டில் கயோட்டி வேட்டை

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"வெளிநாட்டு அனுபவம் பற்றிப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் சொன்னார். பம்ப், வால்வு என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். கடைசி பெஞ்சில் தூங்கிப் பழகியவன் என்பதால் எனக்கு அது தெரியும். ஆகவே ஒரு வேட்டைக் கதை சொல்கிறேன். வீரக் கதை அல்ல, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2017 முதல் நான்கு வருஷம் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். அங்கே பராமரிப்புப் பிரிவில் ஒரு பெரியவர். அறுபது வயதைத் தாண்டியவர். சிறுவயதிலிருந்தே வேட்டைக்குப் போகிறவர். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி செம்மறி ஆடு வளர்த்தார். 2019 ஜூன் மாதம், மூன்று வாரத்துக்குள் அவருடைய ஐந்து குட்டிகள் செத்துக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் தொண்டையில் கடி. "கயோட்டி" என்றார் பெரியவர். என்னையும் துணைக்குக் கூப்பிட்டார்.

கயோட்டி என்பது நம்ம ஊர் நரிக்கும் ஓநாய்க்கும் நடுவில் வைக்கத்தக்க பிராணி. அதன் பழைய வாழிடம் மேற்கே உள்ள திறந்த வெளிகள். கிழக்கே இருந்த ஓநாய்களை மனிதன் ஒழித்துக்கட்டிய பிறகு, இருபதாம் நூற்றாண்டில் இது மெல்ல மெல்லக் கிழக்கே பரவியது. வருகிற வழியில் ஓநாயோடும் நாயோடும் கலந்தது. அதனால் கிழக்குக் கயோட்டி உருவத்தில் பெரிசு. பதினைந்து, இருபது கிலோகூட இருக்கும். தூரத்தில் பார்த்தால் ஜெர்மன் ஷெப்பர்டு நாய் மாதிரியே தெரியும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து மாநிலமான நியூயார்க்கில் அக்டோபர் 1 முதல் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு வரைதான் கயோட்டி வேட்டைக்கு அனுமதி. பென்சில்வேனியாவில் வருஷம் முழுக்க உண்டு, எண்ணிக்கை வரம்பும் இல்லை. ஆனால் முதன்முதலாக லைசென்ஸ் எடுப்பவர் பயிற்சி வகுப்பில் தேர வேண்டும். நானும் எழுதினேன். அரியர் வைக்காமல் பாஸ் செய்த சில தேர்வுகளில் அதுவும் ஒன்று! அந்த வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்ன விதி இது: எதைச் சுடுகிறாய் என்று தெரிந்துகொள், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் தெரிந்துகொள். பரீட்சையில் சரியாக எழுதிவிட்டேன். எழுதுவது சுலபம்.

கோடையில் அங்கே வேட்டையாடுவது வேறு வித்தை. குளிர்காலத்தில் மரமெல்லாம் மொட்டையாக நிற்கும், வெகுதூரம் கண் போகும். ஜூன் மாதம் இலை மூடிவிட்டால் நாற்பது கெஜத்துக்கு அப்பால் ஒன்றுமே தெரியாது. அதனால் பெரியவர் ரைஃபிளை வீட்டில் வைத்துவிட்டு, ரவை போடும் ஷாட்கன்தான் எடுத்து வந்தார். இன்னொரு தொல்லை உண்ணி. கசகசா அளவுதான் இருக்கும், கடித்தால் லைம் நோய் வரலாம். துணிக்கு மருந்து அடித்து, பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொண்டுதான் காட்டுக்குள் போக வேண்டும். கோடையில் அதன் ரோமம் மெலிந்திருக்கும், தோலுக்கு விலையே கிடையாது. ஆக, ஆட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு காரணம் இல்லை.

ஏப்ரல், மே மாதங்களில் அது குட்டி போடும். ஜூனில் தாயும் தகப்பனும் சேர்ந்து குட்டிகளுக்கு இரை தேடும். மான்களும் அப்போதுதான் குட்டி போட்டிருக்கும். அதனால் மான்குட்டி அலறுகிற சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டால் கயோட்டி வரும் என்பது கணக்கு. துப்பாக்கி பெரியவரிடம். ஸ்பீக்கரின் ரிமோட் என்னிடம். என் மொத்த உத்தியோகமே அதுதான்.

முதல் இரண்டு நாள் துப்பாக்கியே எடுக்கவில்லை. நடந்தோம். வண்டித்தடத்துச் சேற்றில் கால்தடம், பழக்கொட்டையும் முடியும் கலந்த எச்சம், இவற்றைத் தேடினோம். புல் அறுத்த வயலில் எலி பிடிக்க அது வரும் என்பதால் அந்த ஓரத்தைத் தேர்ந்தெடுத்தார். பிறகு காற்று. சத்தம் கேட்ட இடத்துக்குக் கயோட்டி நேராக வராது. சுற்றிக்கொண்டு, காற்று போகும் பக்கத்துக்கு வந்து மோப்பம் பிடிக்கும். வெயில் தணிந்ததும் சரிவில் குளிர்ந்த காற்று கீழே இறங்கும், காலை வெயில் ஏறினால் மேலே ஏறும். நான் இங்கே படித்த வெப்பச்சலனம்தான். புத்தகம் இல்லாமலே அவருக்கு அது அத்துப்படி.

மூன்று சாயங்காலம் உட்கார்ந்தோம், ஒன்றும் வரவில்லை. நான்காவது சாயங்காலம். ஸ்பீக்கர் கத்தத் தொடங்கிப் பதினைந்து நிமிஷம் ஆகியிருக்கும். இருட்டப் போகிற நேரம். முப்பது கெஜத்தில் பெரணிச் செடிகள் அசைந்தன. சாம்பல் நிற முதுகு, விறைத்த காதுகள். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பெரியவர் துப்பாக்கியைத் தூக்கினார், ஆனால் சுடவில்லை. "சுடுங்க, சுடுங்க" என்று அவர் தோளை அழுத்துகிறேன். அவர் அசையவே இல்லை. ஐந்து விநாடி, பத்து விநாடி.

பெரணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தது கழுத்துப் பட்டை கட்டிய நாய். அதற்குப் பின்னால், அதே நேர்கோட்டில், நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஒரு பையன் வந்தான். பத்து வயது இருக்கும். அடுத்த பண்ணைக்காரர் மகன்.

பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. துப்பாக்கியைத் திறந்து தோட்டாக்களை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பையனையும் நாயையும் வீடு வரை கொண்டுபோய் விட்டோம். திரும்பி வரும்போது அவர் கை லேசாக நடுங்கியதைப் பார்த்தேன். எனக்கோ கால்கள் தரையில் பாவவில்லை. அன்று ராத்திரி நான் தூங்கவும் இல்லை. துப்பாக்கி என் கையில் இருந்திருந்தால்? இந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. விதி தெரியாதவன் அல்ல நான். பரீட்சையில் எழுதியவன். ஆனால் மூன்று நாள் காத்துக் கிடந்த கண்ணுக்கு, அசைவதெல்லாம் கயோட்டியாகத்தான் தெரிந்தது.

அடுத்த வாரம் ஒரு விடியற்காலையில், வெட்டவெளியில் நன்றாகப் பார்த்து, பின்னால் வெறும் மண்மேடு என்று உறுதி செய்துகொண்டு, அவர் ஒரு ஆண் கயோட்டியைச் சுட்டார். கிட்டே போய்ப் பார்த்தேன். ரோமம் உதிர்ந்து, மெலிந்து கிடந்தது. அதற்கும் எங்கோ குட்டிகள் இருந்திருக்கும். சந்தோஷப்பட முடியவில்லை.

பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. ஜூலையில் மேலும் இரண்டு ஆட்டுக்குட்டிகள் போயின. ஒன்றைக் கொன்றால் காலியான இடத்துக்கு இன்னொன்று வந்துவிடும். எங்கள் ஊர்ப்பக்கம் ராத்திரியில் ஆடுகளைப் பட்டியில் அடைத்து, நாயும் ஆளுமாகக் காவல் இருப்பார்கள் என்று அந்த விவசாயியிடம் சொன்னேன். "என் தாத்தாவும் அப்படித்தான் செய்தார்" என்று சிரித்தார். பிறகு மின்வேலி போட்டுப் பட்டி அமைத்தார், கிரேட் பிரனீஸ் என்ற காவல் நாய் ஒன்றும் வாங்கினார். நான் ஊர் திரும்பிய 2021 வரை அங்கே வேறு குட்டி போகவில்லை.

தம்பி தங்கையரே, நாளைக்கு நீங்கள் துப்பாக்கி பிடிக்கப் போவதில்லை. ஆனால் கையெழுத்துப் போடப் போகிறீர்கள். சோதனை அறிக்கையில், வரைபடத்தில், "இயந்திரத்தை ஓட்டலாம்" என்ற அனுமதிச் சீட்டில். நேரம் குறைவாக இருக்கும், பக்கத்தில் ஒருவர் என்னைப் போலத் தோளை அழுத்திக்கொண்டிருப்பார். நீங்கள் எதிர்பார்த்த விடையே எதிரில் தெரிகிற மாதிரியும் இருக்கும். அப்போது ஒரு பத்து விநாடி பொறுங்கள். அதற்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பாருங்கள்.

அந்தப் பையன் இப்போது காலேஜில் சேரும் வயதில் இருப்பான். நல்லா இருக்கட்டும்.