தொட்டிலை எண்ணியவன்

(நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை. இதழுக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)



"பேரக் குழந்தைகளை வளர்ப்பதில் தாத்தா பாட்டியின் பங்கு" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் பாலக்காடு விக்டோரியா காலேஜில் 1970-ல் பி.எஸ்ஸி. முடித்தவன். அதன் பிறகு சர்வீஸ் முழுவதும் சர்க்கார் கோப்புகளோடு காலம் தள்ளியவன். பங்கு என்றால் எனக்குக் கணக்குப் போடத்தான் தோன்றும். எங்கள் ஆத்தில் பேரன் வளர்ந்த கணக்கைப் போட்டுப் பார்த்தால், பாட்டியின் பங்கு கணிசம், தாத்தாவின் பங்கு சொற்பம், பெரும் பங்கு ஓர் ஆயாவுடையது. ஆகவே அந்த அம்மாளைப் பற்றிப் பேசுகிறேன். தலைவர் மன்னிக்க வேண்டும்.

முதலில் என் உத்தியோகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கேரள தொழிலாளர் துறையில் தோட்டங்களை இன்ஸ்பெக்‌ஷன் செய்யும் வேலை சில வருஷங்கள் பார்த்தேன். இந்தப் பக்கம் நெல்லியாம்பதி, அந்தப் பக்கம் இடுக்கி ஜில்லாவில் மூணாறு, தேவிகுளம். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு போவேன். கேரளாவிலிருந்து கேரளாவுக்குப் போக நடுவில் தமிழ்நாட்டைக் கடக்க வேண்டும். போய்ச் சேர்ந்தால் அங்கே எஸ்டேட் லயங்களில் தமிழ்தான் கேட்கும்.

அப்போது அமலில் இருந்த 1951-ஆம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி, ஐம்பது பெண் தொழிலாளர்களோ, பெண் தொழிலாளர்களின் குழந்தைகள் இருபது பேரோ இருந்தால் அந்த எஸ்டேட்டில் கிரெச் இருக்க வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக. அந்த கிரெச்சில் நான் என்ன பார்ப்பேன்? தொட்டில் எத்தனை, கூரை ஒழுகுகிறதா, பால் ரிஜிஸ்டரில் கையெழுத்து இருக்கிறதா, இவ்வளவுதான். மூலையில் ஆயா ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்பாள். படிவத்தில் அவளுக்கு ஒரு வரி உண்டு: ஆயாக்களின் எண்ணிக்கை. அதை நிரப்பிவிட்டு ஜீப்பில் ஏறிவிடுவேன்.

என் பெண் 1981-ல் பிறந்தாள். அவள் கல்பாத்தியில் முதலடி வைத்தபோது நான் கேம்ப். பத்து நாள் கழித்து வந்தபோது திண்ணையில் ஓடிக்கொண்டிருந்தாள். முதலில் யார் பார்த்தார்கள் என்று கேட்கக்கூட அன்று எனக்குத் தோன்றவில்லை.

அதே பெண்ணுக்கு 2018 மார்ச்சில் பிள்ளை பிறந்தது. அவளுக்குக் கோயம்புத்தூரில் வங்கி உத்தியோகம். 2017-ல் சட்டத்தைத் திருத்தியதால் 26 வாரம் லீவு கிடைத்தது. அது செப்டம்பரில் முடிந்தது. காலை ரயிலில் போனால் ராத்திரி ஏழரைக்குத்தான் வருவாள். என் ஆத்துக்காரிக்கு முழங்கால் வலி. அப்போதுதான் தெரிந்தவர் மூலம் அந்த அம்மாள் வந்தார். மூணாறுப் பக்கத்து எஸ்டேட் கிரெச்சில் இருபது வருஷத்துக்கு மேல் ஆயாவாக இருந்து ரிடையர் ஆனவர். சித்தூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்த மகளோடு இருக்க வந்திருந்தார். நான் இன்ஸ்பெக்டராக இருந்தேன் என்றதும் சிரித்தார்.

"வருவாங்க சார். தொட்டில எண்ணுவாங்க, போயிருவாங்க."

அந்தக் கிரெச்சுக்கு நான் போயிருக்கிறேனா என்பது எனக்கும் நினைவில்லை, அவருக்கும் நினைவில்லை. போகாமல் இருந்திருக்க மாட்டேன்.

முதல் வாரம் அவருக்கு எங்கள் ஆத்தில் தனி டம்ளர். இந்தச் சபையில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அது. குழந்தை அந்த டம்ளரைத்தான் இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீர் குடிக்கப் பழகியது. வேறு எதைக் கொடுத்தாலும் தட்டிவிடும். பிறகு எது யாருடைய டம்ளர் என்பது தானாகவே இல்லாமல் போயிற்று. யாரும் தீர்மானம் நிறைவேற்றவில்லை.

நான் ஈஸிசேரில் பேப்பர் படித்தபடி அவர்கள் இருவரையும் கவனிக்க ஆரம்பித்தேன். தினமும் காலை ஒரு ஸ்பூனைக் குழந்தைக்குக் காட்டிவிட்டு, அதன் கண்ணெதிரே ஒரு துண்டால் மூடுவார். குழந்தை வேறு பக்கம் திரும்பிவிடும். ஸ்பூன் உலகத்திலேயே இல்லை என்பது அதன் நினைப்பு. மறுநாளும் அப்படியே. எட்டு மாதம் நடந்துகொண்டிருக்கையில் ஒரு நாள் கூடத்திலிருந்து கூப்பாடு.

"சார், ஓடியாங்க! துண்டைத் தூக்கிட்டான்!"

லாட்டரி விழுந்த மாதிரி அவர் முகம். சுவிட்சர்லாந்துக்காரர் ழான் பியாஜே தம் மூன்று குழந்தைகளிடம் இதே போன்ற சோதனைகளைச் செய்து 1930-களில் புத்தகம் எழுதினார். கண்ணுக்கு மறைந்த பொருளும் இருக்கிறது என்பதைக் குழந்தை கண்டுபிடிக்கும் கட்டம் அது. அந்த அம்மாளுக்கு பியாஜேயும் தெரியாது, நான் படித்த பிஸிக்ஸும் தெரியாது. இருபது வருஷத்தில் எத்தனையோ குழந்தைகள் துண்டைத் தூக்கிப் பார்த்தவர், இந்த ஒன்றுக்கும் அதே சந்தோஷப்பட்டார்.

எப்படி அலுக்கவில்லை என்று கேட்டேன். எஸ்டேட்டில் கைக்குழந்தைக்காரிகள் நடுவில் பால் கொடுக்கக் கிரெச்சுக்கு வருவார்களாம். கொழுந்து பறித்த கை, மழையில் நனைந்த சேலை, பதினைந்து இருபது நிமிஷம்தான் நேரம். வந்ததும், "இன்னிக்கு என்ன பண்ணுச்சு?" என்று கேட்பார்களாம். "ஒவ்வொருத்திக்கும் ஒண்ணு சொல்லணும் சார். ஒண்ணுமில்லேன்னு அனுப்பக் கூடாது. அதுக்காகவே பாத்துக்கிட்டே இருப்பேன். பாக்கப் பாக்கத் தெரியும்."

நான் நிரப்பிய எந்தப் படிவத்திலும் இதற்கு ஒரு கட்டம் இல்லை.

அந்த வழக்கம் எங்கள் ஆத்திலும் தொடர்ந்தது. ஏழரைக்குப் பெண் வந்து கைகால் அலம்புவதற்குள் செய்தி வந்துவிடும். இன்றைக்குக் கறிவேப்பிலையை இரண்டு விரலால் எடுத்தான். இன்றைக்குக் குடையைக் கையில் எடுத்ததுமே வெளியே போகப் போகிறோம் என்று குதித்தான். இதைக் கேட்டதும் எனக்கு டார்வின் ஞாபகம் வந்தது. 1839 டிசம்பரில் பிறந்த தம் மூத்த பிள்ளையைப் பற்றி அவர் எழுதிவைத்த குறிப்புகள் 1877-ல் 'மைண்ட்' என்ற பத்திரிகையில் கட்டுரையாக வந்தன. தொப்பியும் மேலங்கியும் மாட்டிய பின் உடனே வெளியே கூட்டிப் போகாவிட்டால் ஐந்து மாதக் குழந்தை எரிச்சல் படுகிறது என்று அதிலும் உண்டு.

நடுவில் ஒரு கவலை வந்தது. ஒன்பதரை மாதம் ஆகியும் பேரன் தவழவில்லை. உட்கார்ந்தபடியே ஒரு காலை மடக்கி, ஒரு கையை ஊன்றி, தரையைத் தேய்த்துக்கொண்டு நகர்வான். எங்கள் ஆத்தில் குழந்தை கவிழ்ந்தால் ஒரு பட்சணம், தவழ்ந்தால் ஒன்று, வாசற்படி தாண்டினால் ஒன்று என்று வழக்கம் (எதற்கு எது என்பது ஆத்துக்கு ஆம் மாறும்). தவழாத குழந்தைக்கு என்ன பட்சணம் பண்ணுவது என்று பாட்டிக்குக் கவலை. என் கவலை வேறு. பெரியாழ்வார் செங்கீரை, சப்பாணி, தளர்நடை என்று வரிசை வைத்துப் பாடியிருக்கிறாரே, நம் பிள்ளை வரிசை தப்புகிறானே என்று. அந்த அம்மாள் மட்டும் அசரவில்லை. "சில பிள்ளைக தவளாது சார். இப்படித் தேச்சுக்கிட்டே போயி எந்திரிச்சு நின்னுரும். கூப்பிட்டாத் திரும்புறான், எடுத்ததைக் கை மாத்துறான், பிடிச்சுக்கிட்டு நிக்கப் பாக்குறான். அப்புறம் என்ன?"

நான் விடவில்லை. டாக்டரிடம் போனோம். அவர் ஒரு தாளை எடுத்தார். திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயரும் சகாக்களும் 1991-ல் வெளியிட்ட அட்டவணை. மொத்தம் 17 அம்சங்கள்தான். குழந்தையின் வயதில் ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்து, அதற்கு இடப்பக்கம் முடிந்துவிட்ட அம்சங்கள் எல்லாம் குழந்தைக்கு வந்துவிட்டனவா என்று பார்ப்பது. எல்லாம் வந்திருந்தன. அந்தப் பதினேழில் தவழ்வது என்ற அம்சமே கிடையாது. வீட்டுக்கு வந்து உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட ஆய்வையும் தேடிப் படித்தேன். இந்தியா உள்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்ததில், நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்று அதிகமானோர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. தானாக நடப்பது எட்டு மாதத்திலும் வரலாம், பதினேழரை மாதத்திலும் வரலாம். இதை அந்த அம்மாளிடம் சொன்னேன். "அப்படியா சார்?" என்று மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார். ஆத்துக்காரி அந்த வாரமே தவழாத பட்சணத்தைப் பண்ணி எல்லாருக்கும் கொடுத்தாள்.

அடுத்தது கஷ்டமான விஷயம். நாங்கள் எல்லோரும் அந்த அம்மாளை "அக்கா" என்று கூப்பிடுவோம். பதினோராம் மாதம் பேரன் முதலில் சொன்ன வார்த்தை "க்கா". என் பெண் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். அக்காவை நிறுத்திவிடலாம் என்று என் ஆத்துக்காரி மெல்ல ஆரம்பித்தாள். சமாதானம் பண்ணுகிறேன் என்று நான் மறுபடி டார்வினை இழுத்தேன். அவர் பிள்ளை ஏழு மாதத்தில் பெயரையும் ஆளையும் முதலில் சேர்த்துப் புரிந்துகொண்டது தன் செவிலியை வைத்துத்தான். அவள் பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்த்துத் தேடுமாம் என்று சொன்னேன்.

"அதுக்கு டார்வின் பெண்டாட்டி என்ன சொன்னாளாம்?" என்று கேட்டாள் என் பெண். என்னிடம் பதில் இல்லை.

பதில் அந்த அம்மாளிடம் இருந்தது, ஆனால் வார்த்தையில் சொல்லவில்லை. மகள் வீட்டுக்கு ஆறு மணிக்கே கிளம்புகிறவர், மறுநாள் முதல் ஏழரை வரை இருந்தார். கூடுதல் சம்பளம் கேட்கவில்லை, கொடுத்தபோது மறுக்கவும் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கேட்டில் நின்று, ஆட்டோ சத்தம் கேட்டதும் "அம்மா, அம்மா" என்று காதில் சொல்லிக்கொண்டே இருப்பார். இருபது நாளில் ஆட்டோவைக் கண்டதும் "ம்மா" வந்தது. முதலில் எந்த ஆட்டோவுக்கும் வந்தது என்பது வேறு விஷயம்.

2019 மே மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம். பேரன் ஊஞ்சல் பலகையை விட்டுவிட்டு அக்காவை நோக்கி மூன்று அடி வைத்தான். நான் பார்த்தேன், அக்கா பார்த்தார். நான் போனை எடுத்தேன். அவர் தலையை ஆட்டினார். அன்று ராத்திரி என் பெண்ணிடம், "ஞாயித்துக்கிழமை எங்கேயும் போயிராதீங்கம்மா, இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்கிறான்" என்று மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் வந்திருந்தார். இருவர் முன்னாலும் நான்கு அடி நடந்தான். வீடியோ எடுத்து அத்தனை பேருக்கும் அனுப்பினார்கள். புதன்கிழமை விஷயத்தை இதுவரை நான் சொல்லவில்லை. இந்த உரை நம் இதழில் அச்சானால் என் பெண் படிப்பாள். படிக்கட்டும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து அந்த அம்மாளால் வர முடியாமல் போயிற்று. பிறகு மகனோடு மூணாறுக்கே திரும்பிவிட்டார். 2023 கோடை லீவில் பேரனைக் கூட்டிக்கொண்டு பழைய பஸ் வழியிலேயே போய்ப் பார்த்தோம். லயத்து வாசலில் நின்றிருந்தார். ஐந்து வயதுப் பையனுக்கு அவரைத் துளியும் அடையாளம் தெரியவில்லை. பாட்டியின் பின்னால் ஒளிந்தான். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அவர் கஷ்டப்பட்டதாகத் தெரியவில்லை. "எந்தப் பிள்ளைக்கும் ஞாபகம் இருக்காது சார்" என்றார். பல் எத்தனை விழுந்தது, இடது கையால்தான் எழுதுகிறானா என்று கேட்டார். இடது கைதான். எங்களுக்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகுதான் தெரியும்.

பிறகு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, ஒரு காலை மடக்கி, ஒரு கையை ஊன்றி, அவன் அந்தக் காலத்தில் நகர்ந்த மாதிரி நகர்ந்து காட்டினார். பையன் பாட்டி முந்தானையை விட்டான். தானும் உட்கார்ந்து அதே மாதிரி நகர்ந்தான். இரண்டு பேரும் வாசல்படி வரைக்கும் போனார்கள்.