சீனி வருத்தம் உள்ளவரிடம் எப்படிக் கதைப்பது?

(உலக நீரிழிவு தினத்தையொட்டி தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் நடந்த கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



ஞாயிற்றுக்கிழமை என்றால் உடுப்புத் துவைக்க வேண்டும், விறகு பார்க்க வேண்டும், டவுனுக்குச் சாமான் வாங்கப் போக வேண்டும். அதையெல்லாம் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நாங்கள் இழுத்தடிக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

நவம்பர் 14ஆம் திகதியை உலக நீரிழிவு தினமாக 1991ஆம் ஆண்டிலிருந்து கொண்டாடுகிறார்கள். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பான்டிங் என்ற கனடா நாட்டு வைத்தியர் பிறந்த நாள் அது. 2024இலிருந்து 2026 வரைக்கும் இந்தத் தினத்துக்கு எடுத்திருக்கும் தலைப்பு நீரிழிவும் நலவாழ்வும் என்பதாகும். அதிலும் 2025ஆம் ஆண்டில் வேலை செய்யும் இடத்தைப் பற்றி விசேஷமாகப் பேசினார்கள். நமக்கு வேலை செய்யும் இடம் மலையும் ஸ்டோரும்தான். ஆகவே இது நம்மைப் பற்றிய பேச்சுத்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

என்ன தின்ன வேண்டும், எவ்வளவு தின்ன வேண்டும் என்று டிஸ்பென்சரி ஐயாவும் மிட்வைப் அம்மாவும் உங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு நாங்கள் அதைத் தொடப் போவதில்லை. வருத்தம் வந்தவருடைய மனசு படும் பாட்டையும், வீட்டில் இருக்கிற நம்முடைய வாய் அந்தப் பாட்டை எப்படிக் கூட்டுகிறது என்பதையும் பற்றித்தான் இன்று கதைக்கப் போகிறோம்.

லயத்தில் ஒரு காம்பராவில் கதைத்தால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். உங்களுக்குத் தெரியாததா? "மறுபடியும் சோத்தைப் போட்டுக்கிட்டியா? காலை வெட்டுனாத்தான் உனக்குப் புத்தி வரும்" என்று மகன் அம்மாவைப் பார்த்துக் கத்தினால், அது ஆறு குடும்பத்துக்குக் கேட்கிறது. அடுத்த நாள் மலையில் அந்த அம்மாவைப் பார்த்து, "என்னா அக்கா, வாயைக் கட்டலையாமே?" என்று ஒருவர் சிரிக்கிறார். மகனுக்கு அம்மா மேல் பாசம் இல்லாமலில்லை. பயத்தில்தான் கத்துகிறான். ஆனால் அந்த அம்மாவுக்கு அது எப்படி விளங்கும்? எல்லோரும் தன் தட்டையே பார்க்கிறார்கள் என்று தோன்றும். அதற்குப் பிறகு அவர் எல்லோரும் படுத்த பிறகு அடுப்படியில் ஒளித்துச் சாப்பிடத் தொடங்குவார். பழி சொன்னதால் வருத்தம் குறைந்த வீட்டை நாங்கள் இந்த வேலையில் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. ஒளிப்பதைத்தான் பார்த்திருக்கிறோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தீபாவளிக்குப் பலகாரம் சுட்டால், "ஒண்ணு தின்னா ஒண்ணும் ஆகாது, சாப்பிடுங்க மாமா" என்று கையைப் பிடித்துக் கொடுப்பதும் நாம்தான். வாங்கினால் வாயைக் கட்டத் தெரியாதவர், வாங்காவிட்டால் மரியாதை தெரியாதவர். அந்த மனுஷன் எந்தப் பக்கம் போவார்?

இனி கிளினிக் விஷயத்தைப் பார்ப்போம். கிளினிக் நாளில் விடியக் காலை நாலு மணிக்கே எழும்ப வேண்டும். ரத்தம் குடுக்க வெறும் வயிற்றோடு முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வரிசையில் நின்று, துண்டு எடுத்து, மருந்து எடுத்துத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். அன்றைக்குப் பேர் இல்லை. இவ்வளவும் பட்டுப் போனவரிடம், "240 இருக்கு, சொன்னதைக் கேட்க மாட்டீங்களா? இப்பிடின்னா இங்க வராதீங்க" என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டால் என்ன ஆகும்? ஒரு அக்கா எங்களிடம் சொன்னார்: "ஐயா, ஊசி குத்துறது வலிக்கல. அந்தப் பேச்சுத்தான் வலிக்குது." அவர் ஏழு மாதம் கிளினிக் பக்கமே போகவில்லை.

திட்டுக்குப் பயந்து நம்மவர்கள் செய்கிற இன்னொரு வேலையும் உண்டு. கிளினிக்குக்கு ரெண்டு மூணு நாளைக்கு முன்னால் அரை வயிறும் கால் வயிறுமாகக் கிடப்பது. அன்றைக்கு எடுக்கிற இலக்கம் நல்லாத்தான் வரும். ஆனால் கடந்த ரெண்டு மூணு மாதத்துச் சராசரியைக் காட்டுகிற வேறொரு ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது. அதை ரெண்டு நாள் பட்டினியால் ஏமாற்ற முடியாது. அதைவிட மோசம், மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு மலை ஏறி, சீனி இறங்கி விழுவது. பாருங்கள், ஒரு கடுஞ்சொல் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று.

"மனசுக்கும் சீனிக்கும் என்னா சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. நமக்குப் பயமோ கோபமோ கவலையோ வந்தால், உடம்பு ஏதோ ஆபத்து வந்துவிட்டது என்று நினைத்து அதற்கான சுரப்புகளை விடுகிறது. அந்தச் சுரப்புகள் ஈரலில் சேர்த்து வைத்திருக்கும் சீனியை ரத்தத்துக்குள் இறக்கிவிடுகின்றன. ஓடவும் போராடவும் பலம் வேண்டும் என்பதற்காக உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. சுகமான ஆளுக்கு அது தானாகச் சரியாகிவிடும். சீனி வருத்தம் உள்ளவருக்கு அப்படியே ஏறி நிற்கும். இரவெல்லாம் சண்டை நடந்த வீட்டில், ஒரு வாய் கூட அதிகம் சாப்பிடாதவருக்கும் காலையில் சீனி கூடியிருப்பது இதனால்தான். அவர், "நான் ஒண்ணும் தின்னல" என்று சத்தியம் பண்ணுவார். அது பொய்யில்லை.

இந்த வருத்தத்தோடு நாளும் பொழுதும் மல்லுக்கட்டி வருகிற சலிப்புக்கு வைத்தியர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவமே இதற்காகத் தயாரித்தார்கள். நம் பாஷையில் சொன்னால், "போதும்டா சாமி" என்கிற நிலை. வருத்தத்துக்கு லீவு கிடையாது. பெரட்டுக்கு ஒரு நாள் போகாமல் இருக்கலாம், மாத்திரைக்கு அப்படி முடியாது. இந்தச் சலிப்பு வந்தவருக்குப் பைத்தியமும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷம் கதையைக் கேட்டால் பாதிச் சுமை இறங்கும். ஆனால் இதையும் தாண்டி மனச்சோர்வு என்கிற நோயும் இருக்கிறது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு அது வருகிற வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம்.

மலையில் நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம். இதைச் சொல்ல நம் பெண்கள் கூச்சப்படுவார்கள், அதனால் நாங்களே சொல்லிவிடுகிறோம். சீனி கூடினால் அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டி வரும். கொழுந்து மலையில் எங்கே போவது? ஒதுங்கப் போனால் நிரை பிந்தும், கிலோ குறையும், அரைப் பேர்தான் விழும். அதற்குப் பயந்து எத்தனையோ தாய்மார் தாகம் எடுத்தாலும் தண்ணி குடிக்காமல் நிற்கிறார்கள். அது உடம்புக்கும் கேடு, மனசுக்கும் வேதனை. இங்கே இருக்கிற கங்காணிமாருக்கும் ஒபிசர்மாருக்கும் எங்கள் வேண்டுகோள் என்னவென்றால், ஒரு அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒதுங்கப் போனால் காரணம் கேட்காதீர்கள். "திரும்பத் திரும்ப எங்கடி போற?" என்று மலை முழுக்கக் கேட்கும்படி கூப்பிடாதீர்கள். மலைக்குப் பக்கத்தில் மலசலகூடம் வேண்டும் என்ற விஷயத்தை நாங்களும் விடப் போவதில்லை.

அடுத்தது, சீனி இறங்குவது. இதைக் கவனமாகக் கேளுங்கள். இன்சுலின் போடுகிறவருக்கும், கிளிக்ளசைட் போன்ற சில மாத்திரை போடுகிறவருக்கும், சாப்பாடு பிந்தினால் சீனி மட்டத்துக்கு மீறி இறங்கிவிடும். அப்போது கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும், பேச்சுக் குழறும். காரணமில்லாமல் எரிந்து விழுவார். பார்க்கிறவர்களுக்கு அசல் குடிகாரர் மாதிரியே இருக்கும். ஒரு அண்ணன் கவ்வாத்து மலையில் தள்ளாடி உட்கார்ந்தபோது, "காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டாரு" என்று கூட இருந்தவர்களே விலகிப் போனார்களாம். அவர் சாராயத்தைத் தொட்டே வருஷக்கணக்கு. பிறகு சுகமானாலும், அந்தப் பேச்சு நெஞ்சில் நின்றுவிட்டது. மறுபடி விழுந்து அவமானப்படக் கூடாது என்று மருந்தை அவரே பாதியாகக் குறைத்துக்கொண்டார்.

அப்படி ஒருவரைக் கண்டால், மூணு தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். தெளியாவிட்டால் இன்னொரு தடவை கொடுங்கள். தெளிந்த பிறகு ரொட்டியோ பிஸ்கட்டோ சாப்பிட வையுங்கள். நினைவு இல்லாமல் கிடந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரைக்கேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காசு இல்லை. அந்த மருந்து எடுக்கிறவர்கள் மடியில் ஒரு சிறு சீனிப் பொட்டலம் வைத்துக்கொண்டால் தைரியமாக வேலை செய்யலாம். கூட நிரை பிடிக்கிற ஒருவருக்காவது விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

இன்சுலின் ஊசி என்றாலே நம் லயத்தில் ஒரு பயம். "ஊசிக்கு வந்துட்டா முடிஞ்சது கதை" என்பார்கள். வருஷம் போகப்போக உடம்பு சுரக்கிற இன்சுலின் குறையும். குறைந்ததை ஊசியால் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். அதை ஒரு தண்டனை மாதிரிப் பேசாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற சீனி வருத்தம் வேறு மாதிரி. அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் இடத்தை அழித்துவிடுவதால் வருகிறது. இனிப்புத் தின்று வந்ததும் இல்லை, தாய் கவனிக்காததால் வந்ததும் இல்லை. 1922ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கனடாவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்னால் இப்படிப்பட்ட பிள்ளைகள் பிழைப்பது இல்லை. இன்றைக்கு அவர்கள் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள், கல்யாணம் கட்டி வாழ்கிறார்கள். ஆனால் நம்மிடம் ஒரு குமர்ப் பிள்ளை ஊசி போட்டால், சம்பந்தம் பேச வருகிறவர்களுக்குத் தெரியக்கூடாது என்று போத்தலை அரிசி வாளிக்குள் ஒளித்து வைக்கிறோம். வந்தவர்கள் போகும் வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு ஊசியும் இல்லை. அந்த வகைப் பிள்ளைக்கு ஊசியை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. அதோடு, தன் உடம்பே ஒரு வெட்கம் என்று அல்லவா அந்தப் பிள்ளை படிக்கிறது?

ஆம்பளைகள் வெளியே சொல்லாத ஒரு கஷ்டமும் இருக்கிறது. பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். நாள்பட்ட சீனி வருத்தம் நரம்பையும் ரத்த ஓட்டத்தையும் தாக்குவதால் தாம்பத்தியத்தில் தளர்ச்சி வரும். மனைவிக்கு இது தெரியாது. வேறு எங்கோ மனசு போய்விட்டதென்று அவர் சந்தேகப்படுவார். இவர் சொல்ல வெட்கப்பட்டுக் குடிக்கப் போவார். இப்படித் தொடங்கின சண்டைகள் நாங்கள் விசாரிக்கப் போன வீடுகளில் இருந்திருக்கின்றன. இது ஆண்மைக் குறைவென்று யாரும் பழிக்க வேண்டியதில்லை. மற்றவற்றைப் போல இதுவும் வருத்தத்தின் ஒரு பகுதி. டாக்டரிடம் தனியாகச் சொன்னால் வழி உண்டு.

வீட்டில் என்ன கதைப்பது என்று கேட்பீர்கள். கிளினிக் முடிந்து வருகிறவரிடம் முதல் கேள்வியாக "எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்காமல், "களைச்சுப் போய் வந்திருக்கீங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். இலக்கத்தை அவரே சொல்லுவார். அவருக்கென்று தனிச் சட்டி வைத்துச் சமைக்காதீர்கள். சீனி குறைந்த தேத்தண்ணியும் கீரையும் பருப்பும் வீட்டில் எல்லோருக்குமே நல்லதுதான். சாயந்தரம் அவரோடு சேர்ந்து கோயில் வரைக்கும் நடந்துவிட்டு வாருங்கள். காலை வெட்டுவார்கள் என்று மிரட்டுவதை விட்டுவிட்டு, ராத்திரியில் லைட்டைப் பிடித்து அவருடைய காலில் அட்டை கடித்த புண், வெடிப்பு ஏதும் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வயதானவர்களுக்குக் குனிந்து தங்கள் உள்ளங்காலைப் பார்க்க முடியாது.

கடைசியாகச் சொல்கிறோம் என்ற விஷயம். ரெண்டு கிழமைக்கு மேல் ஒருவர் யாரோடும் கதைக்காமல், தூக்கம் இல்லாமல், பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்தால், அல்லது "நான் உங்களுக்குப் பாரம், நான் போயிட்டா நல்லது" என்ற மாதிரிச் சொன்னால், அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். மந்திரிக்கப் போவது உங்கள் விருப்பம், அதற்காக டாக்டரிடம் போவதைப் பிந்த விடாதீர்கள். மனச்சோர்வுக்கு மருந்தும் உண்டு, ஆலோசனையும் உண்டு. அவரைத் தனியே விடாமல், இன்சுலினையும் மாத்திரைகளையும் வீட்டில் ஒருவர் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அடித்துத் தமிழில் கதைக்கலாம். எங்கள் அறைக்கும் எந்த நேரமும் வரலாம். அங்கே சொல்வது லயத்துக்கு வராது.

இங்கே வந்திருப்பவர்களில் சீனி வருத்தம் உள்ள சிலர், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பிள்ளை மடுவத்திலேயே கூடிக் கதைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். சம்பளம் போட்ட பிறகு வருகிற ஞாயிறு, பின்னேரம் மூணு மணிக்குத் தொடங்குவோம். வருகிறவர்கள் பெயர் எழுத வேண்டியதில்லை, கிளினிக் புத்தகம் காட்ட வேண்டியதில்லை. கூட்டத்தில் பெயர் கொடுக்க விருப்பமில்லாதவர்கள் மிட்வைப் அம்மாவிடம் ஒரு சொல் சொன்னால் போதும், அவர் எங்களுக்குத் தெரிவிப்பார்.