முதல் 12 வாரம்



நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் நாலு பேருக்குச் சொல்லிக்கலாம்" என்பார்கள். கண் பட்டுவிடும் என்பது வெளியே சொல்லும் காரணம். ஒருவேளை தங்காமல் போனால் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டுமே என்பது உள்ளே இருக்கும் காரணம். ஊருக்குச் சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பல வீடுகளில் அந்த நாலு பேரில் கிராம சுகாதாரச் செவிலியரும் மருத்துவரும் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்கும் நாலாம் மாதம்தான் சேதி போகிறது. என் வழக்கு அதன்மேல்தான். கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பரிசோதனைக்குப் போவது என்கிற நடைமுறை எதற்கு, அதில் எது நன்றாக நடக்கிறது, எங்கே குறை என்று இன்று பார்க்கலாம்.

இந்த நடைமுறைக்கு வயது அதிகமில்லை. 1929இல் பிரிட்டனின் சுகாதார அமைச்சகம் கர்ப்பிணிகளுக்கு ஒரு பரிசோதனை அட்டவணை வகுத்தது. முதல் முறை 16ஆம் வாரத்தில். பிறகு 24, 28. அதன்பின் 36ஆம் வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. கடைசி மாதத்தில் வாரம் ஒரு தடவை. பிள்ளைப்பேறு நெருங்க நெருங்கத்தான் ஆபத்தும் நெருங்கும் என்பது அந்தக் கணக்கு. அரை நூற்றாண்டுக்கு மேல் பல நாடுகள் இந்த வழியில்தான் நடந்தன. 2011இல் லண்டனில் பணியாற்றிவந்த கிப்ரோஸ் நிக்கோலைட்ஸ் என்ற மருத்துவர், இதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்று எழுதினார். பின்னால் வரப்போகும் சிக்கல்களில் பல, யாருக்கு வரக்கூடும் என்பதை 11 முதல் 13 வாரத்துக்குள்ளேயே ஓரளவு கணித்துவிடலாம். ஆகவே கவனத்தை முன்னால் குவியுங்கள் என்றார். 2016இல் உலக சுகாதார நிறுவனம் கர்ப்பகாலத்தில் எட்டு முறையாவது பார்க்க வேண்டும், முதல் முறை 12 வாரத்துக்குள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

அந்த 12 வாரத்துக்குள் அப்படி என்ன அவசரம்? வயிறுகூடத் தெரிவதில்லையே என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். அது நம் ஊர் வழியாகவும் போன கதை.

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் கடுமையான இரத்தசோகை வந்துகொண்டிருந்தது. சாதாரண இரத்தசோகை இல்லை. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருத்திருந்தன, இரும்புச்சத்து கொடுத்தும் கேட்கவில்லை. வில்ஸ் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் சில காலம் ஆய்வு செய்தார். சென்னையில் அன்றைக்கு கோஷா ஆஸ்பத்திரி என்று பெயர் பெற்றிருந்த, இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருக்கும் இடத்திலும் வேலை பார்த்தார். கடைசியில் நோயைக் குணமாக்கியது ஒரு மலிவான பண்டம்: ரொட்டியில் தடவிச் சாப்பிடும் மார்மைட் என்கிற ஈஸ்ட் சாறு. அதில் என்ன இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 'வில்ஸ் காரணி' என்று பெயர் வைத்தார்கள். 1941இல் ஸ்பினாச் என்ற கீரையின் இலையிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் ஃபோலிக் ஆசிட்.

கதை அத்தோடு நிற்கவில்லை. 1991இல் வெளிவந்த ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு, முதுகுத்தண்டு மூடாத குழந்தையை ஏற்கெனவே பெற்ற தாய்மாரை எடுத்துக்கொண்டது. அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் சாப்பிட்டவர்களுக்கு அந்தக் குறை மறுபடி வருவது நூற்றுக்கு 72 பங்கு குறைந்தது. ஆய்வை நடுவிலேயே நிறுத்தினார்கள். இனியும் ஒரு பகுதியினருக்கு மாத்திரை கொடுக்காமல் இருப்பது நியாயமில்லை என்று.

இப்போது நாள் கணக்கைப் பாருங்கள். குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகிற குழல், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. அதாவது மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகும்போது அந்த வேலை முடிந்துவிடுகிறது. எட்டாவது வாரத்தில் பதிவு செய்து மாத்திரை வாங்குகிறவர்கூட இந்த ஒரு விஷயத்தில் பிந்தியவர்தான். ஆகவே என் முதல் விமரிசனம் இது: நம் நடைமுறையில் மாத்திரை, பதிவுக்குப் பின்னால் வருகிறது. குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே, தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட்டைத் தொடங்குவதுதான் சரி. வலிப்பு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், முன்பு அப்படிக் குறையுள்ள குழந்தை பிறந்தவர்கள் ஆகியோருக்கு அளவு அதிகம் தேவைப்படும். அதை மருத்துவர் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிறோம், மண்டபம் பார்க்கிறோம். இந்தச் சின்ன மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல யாரும் இல்லை.

அடுத்தது இரத்த அழுத்தம். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கும் இந்தச் சாதாரணக் காரியத்தின் அருமை பலருக்குத் தெரிவதில்லை. கர்ப்பத்தின் நடு மாதங்களில் எல்லோருக்குமே அழுத்தம் கொஞ்சம் இறங்கும். ஏற்கெனவே இரத்தக்கொதிப்பு உள்ள பெண் ஐந்தாம் மாதம் முதல் தடவையாக வந்தால், அளவு சரியாக இருப்பதுபோலத் தெரியும். எட்டாம் மாதம் ஏறும்போது, இது பழைய கொதிப்பா, கர்ப்பத்தால் வந்ததா என்று மருத்துவர் திணறுவார். பத்தாம் வாரத்தில் எடுத்த ஓர் எண் அட்டையில் இருந்தால் அந்தத் திணறல் இல்லை. இன்னொன்றும் உண்டு. கர்ப்பகால இரத்தக்கொதிப்பால் வலிப்பு வரை போகக்கூடிய ஆபத்து சிலருக்கு அதிகம்: முந்தைய பிரசவத்தில் அது வந்தவர்கள், சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள், இரட்டைக் கரு சுமப்பவர்கள். அவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பது பலன் தருகிறது. ஆனால் 16 வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் நல்ல பலன். 1929ஆம் ஆண்டு அட்டவணைப்படி, அந்தப் பெண் முதல்முறை வாசல்படி ஏறுவதே 16ஆம் வாரத்தில்!

பிரசவத் தேதியைக் கணிப்பதிலும் முந்திப் போவதே நல்லது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் என்பது கணக்கு. அந்த நாள் நினைவில்லை, மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை என்றால், ஏழிலிருந்து 13 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேன் ஒரு வாரத்துக்குள்ளான துல்லியத்தில் வயதைச் சொல்லிவிடும். தலையிலிருந்து பிட்டம் வரை உள்ள நீளத்தை அளப்பார்கள். அந்த வயதில் எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கிறது. பிந்திப் போனால் ஒவ்வொரு குழந்தையும் தன் போக்கில் வளரத் தொடங்கிவிடும், துல்லியமும் போய்விடும். குழந்தை உண்மையிலேயே சிறுத்திருக்கிறதா, அல்லது தேதிதான் தப்பா என்று ஒன்பதாம் மாதத்தில் தகராறு வரும்போது இந்த முதல் ஸ்கேன்தான் தீர்ப்புச் சொல்லும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். எடை, உயரம் பார்ப்பார்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின், இரத்தப் பிரிவு, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி வைரஸ், சிபிலிஸ், பெரும்பாலும் தைராய்டு. சிறுநீரில் புரதம், கிருமித்தொற்று. தாய்க்கு இரத்தப் பிரிவு நெகட்டிவ், கணவருக்குப் பாசிட்டிவ் என்றால் பின்னால் ஓர் ஊசி தேவைப்படும். சிபிலிஸ் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். எல்லோருக்கும் செய்கிற சோதனை அது, இருந்தால் பெனிசிலின் ஊசியில் குணமாகும், குழந்தையும் தப்பும். ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டுக்கும் சேர்த்து ஒரு தடுப்பூசி, நாலு வாரம் கழித்து இன்னொன்று. மூன்று மாதம் முடிந்ததும் இரும்புச்சத்து மாத்திரை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. மாத்திரை இல்லாமல் இல்லை, அலமாரியில் கிடக்கிறது. வயிறு எரிகிறது, மலம் கறுக்கிறது என்று நிறுத்திவிடுகிறார்கள். மலம் கறுப்பது இரும்பின் இயல்பு, பயமில்லை. காபி, டீயோடு போடாதீர்கள். கால்சியம் மாத்திரையோடும் சேர்க்காதீர்கள். எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாக உடம்பில் சேரும்.

சர்க்கரைத் தண்ணீர் சோதனையைப் பற்றி மட்டும் கொஞ்சம் பெருமையாகச் சொல்லலாம். வெறும் வயிற்றோடு வா, மூன்று முறை ஊசி குத்து என்று இருந்த சோதனையை, சென்னை மருத்துவர் வீ. சேஷையாவும் அவர் சகாக்களும் எளிமையாக்கினார்கள். சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு இரத்தப் பரிசோதனை. 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகால நீரிழிவு. அதிகாலைப் பேருந்தைப் பிடித்து, வெறும் வயிற்றில் வாந்தியோடு வரும் ஒரு கிராமத்துப் பெண்ணை மனத்தில் வைத்து யோசித்த சோதனை என்று இதைச் சொல்லலாம். இன்று நாட்டின் வழிகாட்டு நெறியிலேயே அது இருக்கிறது. முதல் வருகையில் ஒரு தடவை, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை. முதல் தடவை சரியாக இருந்தது என்று இரண்டாவதை விட்டுவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் பதிவு செய்தவுடன் 12 இலக்க எண் ஒன்று தருகிறார்கள். பிறகு பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் அந்த எண் கூடவே வரும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கியது; 2018இல் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் ஆனது. முதல் தவணையை 12 வாரத்துக்குள் பதிவு செய்கிறவர்களுக்கு என்று வைத்தார்கள். நல்ல யோசனைதான். வீட்டுப் பெரியவர்களே, "சீக்கிரம் போய்ப் பதிஞ்சுட்டு வா" என்று சொல்லத் தொடங்கினார்கள். ஆனால் எண் வாங்குவது வேறு, கவனிப்புக் கிடைப்பது வேறு. பதிவு ஆனது, பணம் வரும் என்பதோடு மனம் நிறைந்துவிடுவது, நோயாளிக்குச் சீட்டு எழுதியதும் குணமாகிவிட்டது என்று நினைப்பதுபோலத்தான்.

உண்மையான குறை எங்கே என்று கேட்டால், பேச்சில் என்பேன். செவ்வாய்க்கிழமை காலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். கர்ப்பிணிகளுக்கான நாள் அது. எடை பார்ப்பது, இரத்தம் எடுப்பது, மாத்திரை கொடுப்பது எல்லாம் வரிசையாக, கெட்டிக்காரத்தனமாக நடக்கும். மருத்துவரிடம் பேசக் கிடைப்பது என்னவோ இரண்டு நிமிடம். பக்கத்திலேயே மாமியார். இந்தக் கர்ப்பம் உனக்கு விருப்பமா, வீட்டில் அடி உதை உண்டா, ராத்திரி தூக்கம் வருகிறதா, முன்பு கலைந்தது உண்டா என்ற கேள்விகள் இந்த இரண்டு நிமிடத்தில் எப்படி வரும்? வந்தாலும் அந்தப் பெண் எப்படி வாயைத் திறப்பாள்? தனியார் மருத்துவமனைகளில் கூட்டம் குறைவு. ஆனால் பேசவேண்டிய நேரத்தைப் பல இடங்களில் ஸ்கேன் எடுத்துக்கொள்கிறது. திரையைக் காட்டினால் குடும்பம் திருப்தியாகிவிடுகிறது. வயதைக் கணக்கிட ஒன்று, 11 முதல் 13 வாரத்துக்குள் கழுத்துப் பின்புற நீரை அளக்க ஒன்று, 18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளைப் பார்க்க ஒன்று. சிக்கல் இல்லாதவர்களுக்கு முதல் பாதியில் இதற்கு மேல் என்ன தேவை என்று கேளுங்கள்; கேட்பது உங்கள் உரிமை. ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம்.

பேசாமல் விடுவதால் வரும் கேடு ஒன்றைச் சொல்கிறேன். உறுதியான கர்ப்பங்களில் பத்தில் ஒன்றுக்கு மேல் முதல் மூன்று மாதத்தில் கலைந்துபோகின்றன. பெரும்பாலும் கருவின் குரோமோசோம் கோளாறுதான் காரணம். குடம் தூக்கியதாலோ, பஸ்ஸில் குலுங்கியதாலோ, பப்பாளி தின்றதாலோ இல்லை. இதை முதல் சந்திப்பிலேயே ஒரு நிமிடம் எடுத்துச் சொல்லிவிட்டால், பின்னால் ஒரு பெண் ஆயுள் முழுக்கத் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு இருக்கமாட்டாள். மாமியாரும் வாய்க்கு வந்தபடி பேசமாட்டார். பரிசோதனைகளில் நமக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். பேசுவதிலும் கேட்பதிலும் இன்னும் தேறவில்லை.

அதுவரை வீட்டார் செய்யக்கூடியது உண்டு. முதல் தடவை போகும்போது, கடைசி மாதவிலக்குத் தேதியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சாப்பிடுகிற எல்லா மருந்தின் அட்டைகளையும் எடுத்துப்போங்கள். முகப்பருவுக்கு, வலிப்புக்கு, இரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள் கருவைப் பாதிக்கும். ஆனால் வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கேட்க வேண்டியதை எழுதிவைத்துக் கேளுங்கள். கணவர் வெளியே வண்டியில் உட்கார்ந்திராமல் உள்ளே வரட்டும். மாமியார்மாரே, அம்மாமார்களே, மருத்துவரோடு அந்தப் பெண் ஐந்து நிமிடம் தனியாகப் பேசட்டும். கொஞ்சம் வெளியே இருங்கள்.

நாள் தள்ளி ஒரு வாரம் ஆனதும் சோதித்துப் பாருங்கள். உறுதியானால் அந்த வாரமே உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள். ஊருக்கு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். இரத்தப்போக்கு, தாங்கமுடியாத அடிவயிற்று வலி, மயக்கம், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் அடுத்த செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்காதீர்கள். சந்தேகம் கேட்க 104, அவசரத்துக்கு 108. இரண்டும் இலவசம்.