பெரியவர்கள் பாட்டைப் பதிந்து வைப்போம்

(நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒலிபெருக்கி இல்லாமல், வெறும் வாயால் பாடும் அம்பாப் பாட்டுக் கச்சேரி ஒன்றை நம் ஊரில் நடத்திப் பதிவு செய்ய வேண்டும். இந்த யோசனையை முன்வைக்கவே எழுந்தேன்.

அம்பா உழைப்புப் பாட்டு. கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார்; மற்றவர்கள் பதில் பாடும் இடத்தில் கயிற்றை இழுப்பார்கள். இன்ஜின் வந்தபின் சேர்ந்து துடுப்புப் போடுவது குறைந்தது, பாட்டும் குறைந்தது. இன்று முழுப் பாட்டும் தெரிந்தவர்கள் வயதான சிலரே.

எழுதி வைத்தால் போதாதா? நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964-இல் வந்தது. அதனால் சொற்கள் பிழைத்தன. ஆனால் மெட்டும் மூச்சு வாங்கும் இடமும் அச்சில் ஏறாது. கொல்லங்குடி கருப்பாயி அம்மாளின் குரல் வானொலி வழியாகத்தான் முதலில் ஊரெல்லாம் கேட்டது. 1985-இல் 'ஆண் பாவம்' படத்தில் நடித்தது அதற்குப் பிறகு.

நல்ல செல்போன் ஒன்று போதும். அதை ஏரோபிளேன் மோடில் போட்டு, பாடுபவருக்கு மூன்றடி தூரத்தில் வைக்க வேண்டும். கடற்காற்று நேராக அடித்தால் இரைச்சல்தான் பதியும். அதனால் வலைக்கூடத்துக்குள் உட்காரலாம். முதலில் ஒரு நிமிடம் பதிந்து கேட்டுப் பார்க்க வேண்டும். பாட்டு முடிந்து மூன்று நொடி கழித்துத்தான் கைதட்டல்.

வங்கிக்காரன் கணக்கும் சொல்கிறேன். சுருக்காத வேவ் கோப்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 600 எம்.பி. ஒரு பென்டிரைவில் எல்லாம் அடங்கும். மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வெளியூரில் வைக்க வேண்டும். 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த நமக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று, அனுமதி. 1994-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து, பாடுபவருக்கும் தன் பாட்டின் பதிவில் உரிமை உண்டு. கேட்டு, கையெழுத்து வாங்கி, பெயர் எழுதிப் பதிய வேண்டும். 'இந்தப் பாட்டு வெளியே போக வேண்டாம்' என்று ஒரு பெரியவர் சொன்னால், வாட்ஸ்அப்பில்கூடப் போகக் கூடாது.

மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் மாப்பிள்ளையாக நம் கரைக்கு வருவார்; வெளியூர்ப் பிள்ளைகளும் வருவார்கள். மறுநாள் மாலையே கச்சேரியை வைக்கலாம். பாடத் தெரிந்த தாத்தா, ஆத்தா யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று இன்றே செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.